ஏலத்தோட்டத் தொழிலாளியின் இதய வால்வுச் சுருக்கம்: குமுளி எல்லையில் ஒரு நிகழ்வு ஆய்வு

தேனி மாவட்டம் கூடலூர் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்த, நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பெண்ணின் நோய் விவரம் இது. 2023 ஆகஸ்டில் தொடங்கி அடுத்த வருடம் முடியும் வரை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் காப்பீட்டு அட்டை எடுப்பது, ஆஸ்பத்திரிப் படிவங்களை நிரப்புவது, கூட அலைவது என்று நோயாளிகளுக்கு உதவும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். குடும்பத்தின் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் பற்றிய எண்கள் அவர்களிடம் இருக்கும் ரிப்போர்ட்களில் உள்ளவை.

பின்னணி

இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறுவார்கள். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்விட்டு, சாயங்காலம் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வேலை கேரளத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். கூலி அங்கே கூடுதல் என்பதால் இது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

இவரும் அப்படி ஒரு ஜீப்பில் போகிறவர்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே காய் எடுப்பு வேலை. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தின்போது கடுமையாக மூச்சு வாங்கி, கம்பத்தில் சில நாட்கள் படுக்க வைத்திருக்கிறார்கள். ரத்தம் குறைவு என்று சொன்னார்களாம். அதற்கப்புறம் சில வருடங்களாக மழைக்காலம் வந்தாலே இரைப்பு. பக்கத்து டாக்டர் 'வீசிங்' என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கும் மருந்து கொடுத்தார். அதை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார்.

மழையில் இரைப்பு வருகிறது, அதனால் ஆஸ்துமா என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மழைக்காலம்தான் காய் எடுப்பு சீசன். சரிவில் ஏறி இறங்குவது, பையைச் சுமப்பது, குனிந்தே நாள் முழுக்க நகர்வது எல்லாம் அப்போதுதான். கோடையில் வீட்டில் இருந்தார், மூச்சு வாங்கவில்லை. மழையோடு சேர்ந்து வந்தது உழைப்பு என்று யாரும் யோசிக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு ஈ.சி.ஜி.கூட எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்டில் நடந்தது

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தோட்டத்திலேயே படபடப்பு, நெஞ்சடைப்பு, உட்கார முடியாத இரைப்பு. ஜீப் டிரைவர் பக்கத்து மலை ஊரில் தனக்குத் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதுதான் கிட்டே இருந்தது. அங்கே ஆக்சிஜன், நுரையீரலில் கோத்த நீரை இறக்க ஊசி, இதயத் துடிப்பைக் குறைக்க மருந்து எல்லாம் உடனே கொடுத்தார்கள். அன்று உயிர் தப்பியது அந்தச் சிகிச்சையால்தான்.

சாயங்காலம் கணவர் காப்பீட்டு அட்டையோடு போய்ச் சேர்ந்தார். கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈ கார்டு இவிடே எடுக்கில்ல சேட்டா" (இந்த அட்டை இங்கே செல்லாது அண்ணே) என்று சொல்லியிருக்கிறார். தோட்டக்காரர் முன்பணம் கொடுத்தார். அந்தப் பணம் அப்புறம் வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கப்பட்டது. முழுசாகக் குணமாகும் முன்பே, பணத்துக்குப் பயந்து டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் வந்துவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து இதய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்க ரிவராக்ஸபான் என்ற மாத்திரை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் முதல் குறிப்பு வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மாத்திரை மட்டும் புரிந்தது. விலை கட்டுப்படியாகாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு, மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டார்.

அட்டை ஏன் செல்லவில்லை

செப்டம்பரில் கணவர் எங்களிடம் வந்தபோது முதலில் அட்டையைத்தான் பார்த்தோம். அதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அது மாமியார் குடும்பத்தின் பழைய அட்டை. இவர்கள் தனி ரேஷன் கார்டு வாங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. காப்பீட்டில் மட்டும் பெயர் எங்கேயும் இல்லை. தமிழ்நாட்டிலேயே அந்த அட்டை இவருக்கு உதவியிருக்காது.

இன்னொன்றுதான் எல்லையோரத்து மக்கள் பலருக்கும் தெரியாதது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது ஒரு பக்கம். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய திட்டம் வந்து, தமிழ்நாட்டில் இதோடு சேர்ந்தே நடக்கிறது. வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை என்று கேட்டால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் மத்தியத் திட்டப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பம்தான் வெளிமாநிலத்தில் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சலுகை கேட்க முடியும். மாநில அரசு தன் செலவில் கூடுதலாகச் சேர்த்த குடும்பங்களுக்கு அந்த வசதி கிடையாது. இவர்கள் குடும்பம் மத்தியப் பட்டியலில் இல்லை. புது அட்டை கையில் இருந்திருந்தாலும் அந்த ஆகஸ்ட் மாதத்தில் அது குமுளிக்கு அந்தப் பக்கம் செல்லாது.

கேரளத்தின் காருண்யா திட்டம் அந்த மாநிலத்துக் குடும்பங்களுக்கு. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக கேரளம் 2017இல் ஆவாஸ் என்று ஒரு காப்பீடு கொண்டுவந்தது. சிகிச்சைக்கு 15,000 ரூபாய் என்று தொடங்கிய சின்னத் தொகைதான், அதற்கும் பதிவு செய்திருக்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புகிற இவருடைய ஜீப்பில் ஒருவரும் பதிவு செய்திருக்கவில்லை. தோட்ட முதலாளி மருத்துவ வசதி தர வேண்டும் என்று அப்போதிருந்த 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அது ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து ஆட்களுக்கும் குறையாத தோட்டங்களுக்கு. இவர் வேலை பார்த்தது அதைவிடச் சின்னத் தோட்டம். ஆக, உழைக்கிற இடத்தில் இவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

புது அட்டை வேலையை உடனே தொடங்கினோம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. விசாரித்துக் கையெழுத்திட்டார். ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் போட்டோவும் கைரேகையும் கொடுத்தார்கள். ஏலக்காய் பறித்துப் பறித்து விரல் நுனி தேய்ந்துபோனதால் கணவருக்குப் பதிவான கைரேகை இவருக்குப் பதிவாக வெகுநேரம் ஆனது. கடைசியில் இன்னொரு விரல் ஒத்துக்கொண்டது.

என்ன நோய் என்று தெரிந்தது

அட்டைக்குக் காத்திருக்காமல் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே ஓ.பி.யில் ஓர் இளம் டாக்டர் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். அப்புறம் நோயாளியின் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி: சின்ன வயதில் காய்ச்சலோடு முட்டி, கணுக்கால் வீங்கியதுண்டா? "ஆமா தம்பி, ஏழாவது படிக்கையில ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகல, வாதக் காய்ச்சல்னு வைத்தியம் பார்த்தோம்" என்றார் அந்த அம்மா.

நோயின் வேர் அதுதான். சில வகைத் தொண்டைப் புண்ணை உண்டாக்கும் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் சக்தி, சிலருக்கு மூட்டையும் இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் தானாகப் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. வருடக்கணக்கில் தடித்துச் சுருங்கிக்கொண்டே வரும். எக்கோவில் இவருடைய மைட்ரல் வால்வின் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) திறப்பு 0.9 சதுர செ.மீ. சாதாரணமாக 4 முதல் 6 வரை இருக்கும், 1.5க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம் என்று கணக்கு. ரத்தம் முன்னே போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குவதால்தான் இரைப்பு. இதயம் ஒழுங்கில்லாமல் வேகமாகத் துடிக்க ஆரம்பித்ததும் வால்வைக் கடக்க ரத்தத்துக்கு இருந்த நேரமும் குறைந்துபோய், ஆகஸ்டில் அது நெருக்கடியானது.

மதுரையா, கோட்டயமா

அடுத்த முடிவு எங்கே சிகிச்சை என்பது. தோட்டக்காரர் நல்ல மனதோடு கோட்டயம் மெடிக்கல் காலேஜைச் சொன்னார். கூட வேலை செய்கிற ஒருவருக்கு அங்கே நன்றாகப் பார்த்தார்களாம். அங்கே தரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சொன்னோம். அட்டை செல்லும் என்பது மட்டும் காரணமில்லை. இந்த நோய்க்கு ஒரு தடவை போய்ச் சரிசெய்துவிட்டு வருவது நடக்காது. மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும், மருந்தை அளவு மாற்ற வேண்டும், அதெல்லாம் சொந்த மொழியில், நேரடிப் பஸ் இருக்கிற ஊரில் நடந்தால்தான் தொடரும் என்று நினைத்தோம். குடும்பமும் ஒத்துக்கொண்டது.

மதுரையில் பலூன் சிகிச்சை செய்யலாம் என்றார்கள். 1980களில் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே கொண்டுவந்த முறை. தொடை ரத்தநாளம் வழியாகக் குழாயை இதயத்துக்குள் செலுத்தி, சுருங்கிய வால்வுக்குள் பலூனை விரித்து வழியைப் பெரிதாக்குவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னால் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் இடது மேலறையின் மூலையில் ரத்தக் கட்டி ஒன்று தெரிந்தது. கட்டி இருக்கும்போது குழாயை உள்ளே விட்டால் அது பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

இரண்டு வழிகள் இருந்தன. உடனே நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்து, வால்வையும் மாற்றுவது. இல்லாவிட்டால் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைச் சரியாகக் கொடுத்து, சில மாதங்கள் கழித்துக் கட்டி கரைந்ததா என்று பார்ப்பது. இவருடைய வால்வு இன்னும் வளைந்துகொடுக்கிறது, சுண்ணாம்பு படியவில்லை என்பதால் டாக்டர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். இயந்திர வகைச் செயற்கை வால்வு வைத்தால் அதில் ரத்தம் உறையும் ஆபத்து எப்போதும் உண்டு, ஒரு வாரம் மாத்திரை தவறினாலும் உயிருக்கே வினையாகலாம். இந்தக் குடும்பத்தின் நிலையை நேரில் பார்த்த எனக்கும் அந்த முடிவுதான் சரி என்று பட்டது.

புது மாத்திரை, பழைய மாத்திரை

மதுரையில் ரிவராக்ஸபானை விட்டுவிட்டு வார்ஃபரின் எழுதிக்கொடுத்தார்கள். கணவர் வெளியே வந்து என்னிடம், "என்னண்ணே, அவங்க கொடுத்தது புது மாத்திரை, ரத்தமே பாக்க வேண்டாம்னாங்க. இவங்க பழசுக்குப் போகச் சொல்றாங்க. கவருமெண்டு ஆஸ்பத்திரின்னு விலை கம்மியானதக் கொடுக்குறாங்களா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ரத்தம் உறையாமல் இருக்கும் புது மாத்திரைகள் வந்து, லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையை எளிதாக்கிவிட்டன. அடிக்கடி ஊசி குத்தி ரத்தம் பார்க்க வேண்டாம், கீரை மருந்தின் வேலையைக் குறைத்துவிடுமோ என்ற கவலை இல்லை. வால்வு நன்றாக இருந்து, துடிப்பு மட்டும் ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கு அவை நல்ல மருந்துகள். ஆனால் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு? 2022இல் வெளியான இன்விக்டஸ் என்ற ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களில் மரணம் குறைவாக இருந்தது. ரத்தக் கசிவும் கூடுதலாக இல்லை. இந்த நோயாளிகளுக்குப் பழைய மாத்திரைதான் காக்கிறது. அந்த ஆய்வில் இருந்த பெண்கள் பெரும்பாலும் இவரைப் போன்ற ஏழை நாட்டுப் பெண்கள்தான் என்பதால் எனக்கு அது இன்னும் முக்கியமாகத் தெரிகிறது.

ஆகஸ்டில் அந்த ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்கும் முன்பே இவர் கிளம்பிவிட்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வால்வுச் சுருக்கம் அவர்களுக்குத் தெரியாது. கட்டி எப்போது உண்டானது, மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டதாலா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

காத்திருந்த மாதங்கள்

சிகிச்சையில் இதுதான் கடினமான பகுதி, காப்பீடு இதில் ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பரிசோதனையும் இலவசம், ஆனால் அதற்குத் தேனி வரை போக வேண்டும். போனால் அன்றைய கூலி போச்சு. காப்பீடு என்பது கட்டிலில் படுத்திருக்கும் நாட்களுக்கு. இவருடைய நோய் நடந்துகொண்டிருந்தது பஸ்ஸிலும் வரிசையிலும்.

வீட்டுச் சுவரில் மாதக் காலண்டரைத் தொங்கவிட்டு, பாதி மாத்திரை நாளுக்கு அரைவட்டம், முழு மாத்திரை நாளுக்கு முழு வட்டம் என்று பெரிய மகள் பென்சிலால் வரைந்துவைத்தாள். ராத்திரி சாப்பிட்டதும் அந்த வட்டத்தின் மேல் ஒரு கோடு. கீரையே சாப்பிடக் கூடாது என்று யாரோ சொல்லி, முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிட்டிருந்தார். நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வழக்கமாகச் சாப்பிடுகிற அளவை ஏற்ற இறக்கம் இல்லாமல் சாப்பிடுங்கள் என்று தேனி டாக்டர் சொன்ன பிறகுதான் அளவு நிலைக்கு வந்தது.

டிசம்பரில் ஒரு சம்பவம். இடுப்பு வலி என்று மெடிக்கலில் கேட்டு, காகிதத்தில் மடித்துக் கொடுத்த வலி மாத்திரைகளைச் சில நாட்கள் சாப்பிட்டார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை, முழங்கையில் நீலம் பாரித்தது. ஐஎன்ஆர் 5.8. வார்ஃபரினை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, அளவு இறங்கியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள். உடம்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் ஜீப் ஏறுவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். 'ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறேன், வலி மாத்திரை தரக் கூடாது' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு சீட்டை அன்றிலிருந்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்.

பலூன் சிகிச்சையும் அதன் பிறகும்

2024 பிப்ரவரியில் எடுத்த எக்கோவில் கட்டி இல்லை. அதற்குள் புது அட்டை வந்துவிட்டது. காப்பீட்டு அனுமதி கிடைத்ததும் மதுரையில் பலூன் சிகிச்சை நடந்தது; வால்வின் திறப்பு 0.9இலிருந்து 1.8க்கு வந்தது, வால்வில் கசிவு லேசாகத்தான். ஆஸ்பத்திரியில் பில் எதுவும் கட்டவில்லை. மூன்றாம் நாள் படியேறிப் பார்த்துவிட்டு, "மூச்சு வாங்கவே இல்லண்ணே" என்று போனில் சொன்னார். வருடக்கணக்கில் இழுத்த வீசிங் மருந்தை டாக்டர்கள் நிறுத்திவிட்டார்கள்.

நோய் முழுக்கப் போகவில்லை. துடிப்பு இன்னும் ஒழுங்கில்லை, அதனால் வார்ஃபரின் தொடர்கிறது. வால்வு பல வருடங்கள் கழித்து மறுபடி சுருங்கலாம். வாதக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. முதலில் அலர்ஜிக்குப் பயந்து ஒரு கிளினிக்கில் போட மறுத்தார்கள். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் டெஸ்ட் செய்து பார்த்துப் போட்டுவிடுகிறார். அந்த வருடச் சீசனில் இவர் மேட்டுக்குப் போகவில்லை. தோட்டக்காரர் தன் களத்தில் காய் தரம் பிரிக்கும் வேலை கொடுத்தார். கூலி குறைவு.

மறுபடி இப்படி ஒருவர் வந்தால்

அட்டையை நோய் வந்தபிறகு பார்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். சீசன் தொடங்கும் முன் ஜூன் மாதத்தில் ஜீப் நிற்கும் இடங்களுக்கே போய், ரேஷன் கார்டையும் காப்பீட்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிடுகிறோம். தனிக்குடித்தனம் போன பெண்கள் பலருக்குப் பெயர் எங்கேயுமே இல்லை என்பது அப்படித்தான் தெரிந்தது. யார் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறது என்று தனியாகக் குறித்துக்கொடுக்கிறோம். அவர்களுக்கு இடுக்கியிலும் வழி உண்டு. மற்றவர்களுக்கு, முதலுதவி கிட்டே இருக்கிற இடத்தில், நிலைமை சீரானதும் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரி என்று டிரைவர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்.

நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்குக் காய் எடுப்பு சீசனில் மட்டும் இரைப்பு, அல்லது பிரசவத்தின்போது இரைப்பு என்றால், வீசிங் மருந்தோடு நிற்காமல் ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் கேளுங்கள். சின்ன வயது மூட்டு வீக்கத்தைப் பற்றி அம்மாவிடம் விசாரித்துவிட்டு டாக்டரிடம் போங்கள், நோயாளிக்கே அது நினைவிருக்காது. வெளிமாநில டிஸ்சார்ஜ் சம்மரியைக் குப்பையோடு போடாமல், அரசு ஆஸ்பத்திரியில் காட்டி ஒரு வரி விடாமல் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஐஎன்ஆர் பற்றி ஒரு மனு கொடுத்திருக்கிறோம். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சில நிமிடங்களில் அளவு காட்டும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. கம்பம், கூடலூர் பகுதியில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் அப்படி ஒன்றை வைத்து, வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், ஜீப்கள் இறங்கும் நேரத்துக்குப் பார்த்தால் இவரைப் போன்றவர்கள் கூலியை விடாமல் பரிசோதனை செய்துகொள்ளலாம். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போதும் அவர் மாதத்துக்கு ஒரு நாள் தேனிக்குப் போய்த்தான் வருகிறார்.